பிளேஸ் துரையும் தேர் வடமும்

அன்புள்ள ஐயா,

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயிலுக்குப் போய் வந்தேன். 1798-இல் ஏரி உடையும் தறுவாயில், கரைமேல் வில்லேந்தி நின்ற இருவரைக் கலெக்டர் லயோனல் பிளேஸ் கண்டாராம். கரை தப்பியதும் தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்தாராம். இது பக்தியா, ஆட்சித் தந்திரமா? நம் தெய்வத்தை மதித்த வெள்ளைக்காரரையும் திட்டித்தான் ஆகவேண்டுமா?

ஒரு வாசகர், குரோம்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

திட்ட வேண்டியதில்லை. சன்னதிக் கல்வெட்டில் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஜாகீரும் பிளேஸ் பெயரும் இருக்கின்றன. அவர் மனதுக்குள் நான் நுழையப் போவதில்லை. ஆனால் ஒரு கலெக்டருக்கு ஏரி என்றால் என்ன என்று பார்க்கவேண்டும். செங்கல்பட்டு ஜாகீர், அதாவது வருவாய் உரிமையோடு கொடுக்கப்பட்ட நிலப்பகுதி, 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கும்பினிக்கு வந்தது. 1780-இல் ஹைதர் அலி படையெடுப்பில் பாழானது. விளைச்சலில் மேல்வாரம் என்ற பங்கு சர்க்காருக்கு. கரை உடைந்தால் ஏரி பாயும் நிலமான ஆயக்கட்டு காயும், மேல்வாரமும் போகும். கோயிலும் இந்தக் கணக்குக்குள் வந்தது. 1817-ஆம் ஆண்டின் 7-ஆவது ரெகுலேஷன் என்ற சட்டம் கோயில் சொத்துகளை ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது. வரி வசூலித்த கச்சேரியே, அதாவது அரசு அலுவலகமே, உற்சவத்துக்கும் பொறுப்பேற்றது.

அதன் விளைவைத் தேரோட்டத்தில் பார்க்கலாம். பெரிய தேருக்கு முதல் அசைவுதான் கடினம். மாதக்கணக்கில் நிலையில் நின்ற மரச்சக்கரம் பாரம் தாங்காமல் மண்ணில் இறங்கியிருக்கும். பின்னால் கட்டை கொடுத்து நெம்பும் அதே கணத்தில் வடம் பிடித்த அத்தனை பேரும் இழுக்கவேண்டும். ஒரு வடம் முந்தினால் தேர் கோணும். திருப்பத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர் நொடி பிந்தினால் சக்கரம் அவர்மேலேயே ஏறிவிடும். மழை ஊறிய வீதியில் பதிந்துவிட்டால் நிலைக்கு வந்துசேர நாள்கணக்காகும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், பெரிய கோயில் என்றால் ஆயிரக்கணக்கில். தாமாக வந்தவர்கள் போதாத இடங்களில் தாசில்தார் உத்தரவு போட்டார், ஊரூராக ஆள் பிடித்தார்கள், சேவகர்கள் பிரம்போடு வடத்தோரம் நின்றார்கள்.

சென்னையின் முதல் பிஷப் டேனியல் காரியும் பாதிரிமார்களும் சர்க்கார் கோயில் காரியங்களில் ஈடுபடுவதை எதிர்த்து 1836-இல் கவர்னருக்கு மனு கொடுத்தார்கள். அதிலும் முதல் கவலை, கிறிஸ்தவ அதிகாரி விக்கிரக உற்சவத்துக்கு மரியாதை செய்ய நேர்கிறதே என்பதுதான். சென்னைப் படைத் தலைவர் பெரெக்ரின் மெய்ட்லாண்ட் இந்தப் பிரச்சினையில் 1838-இல் பதவியையே துறந்தார். வடம் பிடித்தவன் முதுகு இரண்டாவது இடத்தில்தான் இருந்தது.

அதே கச்சேரி வரி வசூலில் செய்த சித்திரவதை இதைவிடக் கொடுமை. கஜுலு லட்சுமிநரசு செட்டி 1852-இல் சென்னையில் தொடங்கிய சுதேசி சங்கம் இதை விடாமல் எழுப்பியது. பிரிட்டிஷ் பாராளுமன்றம்வரை போனபிறகு இலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் மூவர் கமிஷன் சென்னையில் விசாரித்தது. 1855-இல் அறிக்கை வந்தது. கமிஷனுக்கு வந்த புகார்கள் 1,959. கிட்டி என்ற சித்திரவதைக் கருவி ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு குச்சிகள். விரல்களை நடுவில் வைத்துத் திறந்த முனையை அழுத்துவார்கள். அண்ணாந்தாள் என்ற முறையில் ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் கால்விரலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் விடுவார்கள், சில சமயம் முதுகில் கல்லும் ஏற்றி.

கிட்டி பிடித்தவர் நம் ஊர்ச் சேவகர். தேர்த் திருநாளில் அவரும் அதே பெருமாளைக் கைகூப்பியிருப்பார். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். கமிஷனும் பழியை இந்தியச் சிப்பந்திகள்மேல் போட்டது. ஆனால் இவ்வளவு கிஸ்தி (நிலவரித் தவணை) வந்தாகவேண்டும் என்று கேட்டது கும்பினி. அது குறைந்தால் தாசில்தார் வேலைக்கு ஆபத்து, அவர் சேவகரை முடுக்குவார், சேவகர் கிட்டியை எடுப்பார். உத்தரவில் சித்திரவதை என்ற சொல்லே இருக்காது.

பிளேஸின் பக்தி மெய்யாகவே இருந்திருக்கலாம், அதை நான் குறைக்கவில்லை. அடுத்த முறை போகும்போது பட்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அந்தக் கரைக்கு மண் சுமந்தவர்கள் எந்தச் சேரிகளிலிருந்து வந்தார்கள், ஆளுக்குக் கூலி எத்தனை படி நெல்?