பல்லைக் காட்டினால் சிரிப்பா?

காட்டுச் சிம்பன்சிகள் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சட்டை போட்ட சிம்பன்சிக் குட்டி ஒன்று புட்டியில் பால் குடிக்கும் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. கேமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. இதை வீட்டில் வளர்க்க முடியுமா? (வாசகி, தேனி)

பதில்: அது சிரிக்கவில்லை, பயந்துபோயிருக்கிறது. உதடுகளைப் பின்னுக்கு இழுத்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் தெரியப் பல்லைக் காட்டினால் சிம்பன்சிக்கு அச்சம் என்று பொருள். விளையாட்டுக் குஷியில் வாய் தளர்ந்து திறந்திருக்கும். மேல் உதடு பெரும்பாலும் மேல்பற்களை மூடியிருக்கும். மூச்சு வாங்குவது போன்ற சத்தமும் கேட்கும். அடுத்த வீடியோவில் மேல் உதட்டைப் பாருங்கள்.

குட்டி காட்டிலிருந்து வந்தது என்றால் தாய் அநேகமாகச் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கும். நாலைந்து வயதுவரை பால்குடி மறக்காமல் தாயின் வயிற்றையும் முதுகையும் பற்றிக்கொண்டே திரியும் குட்டியைத் தாய் உயிரோடிருக்க யாரும் பிடுங்க முடியாது. காப்பாற்ற வரும் மற்ற சிம்பன்சிகளும் சாகின்றன. பெண் சிம்பன்சி முதல் குட்டி போடவே 13, 14 வயதாகும். அதற்கடுத்த குட்டிக்கு 5, 6 வருடம். ஒரு தாய் போனால் அந்த இடம் நிரம்ப எத்தனை காலம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

சட்டமும் இடம் தராது. அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சிம்பன்சி இருக்கிறது. நாடு விட்டு நாடு வணிகத்துக்காகக் கொண்டுபோவது தடை. அந்த வீடியோவைத் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையில் சிம்பன்சி உண்டா? (மாணவர், பொள்ளாச்சி)

பதில்: இல்லை. வால்பாறைப் பக்கம் பார்த்திருந்தால் அது சோலைமந்தியாக இருக்கும். வால் இருந்தாலே சிம்பன்சி இல்லை என்று முடிவு கட்டிவிடலாம். சிம்பன்சி ஆப்பிரிக்காவில் மட்டும், மேற்கே செனகல் முதல் கிழக்கே தான்சானியா வரை வாழ்கிறது. இந்தியக் காடுகளில் உள்ள வாலில்லாக் குரங்கு வடகிழக்கின் ஹூலக் கிப்பன்தான்.

கேள்வி: மனிதரைக் கண்டாலே ஓடி ஒளியும் சிம்பன்சிகளை எப்படி எண்ணுகிறார்கள்? சும்மா குத்துமதிப்பா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஆளை எண்ணுவதில்லை, படுக்கையை எண்ணுகிறார்கள். பால்குடி மறந்த ஒவ்வொரு சிம்பன்சியும் பொழுது சாயும்போது மரக்கிளைகளை வளைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக மடக்கி, மேலே இலைக்கொத்தைப் பரப்பிப் புதுக் கூடு கட்டிக்கொள்ளும். சில நிமிட வேலை. விடிந்ததும் விட்டுவிட்டுப் போய்விடும். கூடு மட்டும் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், மரத்திலேயே நிற்கும்.

காட்டின் குறுக்கே காம்பஸ் பிடித்து நேர்கோட்டில் நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு கூடும் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது என்று அளப்பார்கள். தள்ளிப் போகப் போகக் கூடு கண்ணுக்குத் தப்பும். அந்த அளவுகளை வைத்து, உண்மையில் எவ்வளவு அகலத்துக்குப் பார்த்தோம் என்று கணித்துக்கொள்வார்கள்.

ஒரு பேச்சுக்கு, 20 கி.மீ. நடந்து 48 கூடுகள் கிடைத்தன. பார்த்த அகலம் இருபுறமும் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 0.6 ச.கி.மீ. அதாவது ஒரு ச.கி.மீ.க்கு 80 கூடுகள். கூடு மறைய சராசரியாக 100 நாள் ஆகிறது, பகல் தூக்கக் கூடுகளையும் சேர்த்து ஒரு சிம்பன்சி நாளைக்கு 1.09 கூடு கட்டுகிறது என்றால், ஒரு சிம்பன்சிக்கு எந்நேரமும் 109 கூடுகள் (100 × 1.09) காட்டில் நிற்கும். 80ஐ அந்த 109ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.73. நாலு ச.கி.மீ.க்கு மூன்று சிம்பன்சிகள். தாயோடு படுக்கும் குட்டிகள் இதில் சேராது.

தப்பு நடப்பது அந்த '100 நாளில்'தான். மழை, மர வகை, கூட்டின் உயரம் எல்லாமே அதை மாற்றும். வேறு காட்டில் அளந்த எண்ணைக் கடன் வாங்கிப் போட்டு, இந்தக் காட்டில் உண்மையில் 150 நாள் என்றிருந்தால், 0.73 என்று எழுதியது 0.49 ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு சிம்பன்சிகள் காகிதத்தில் மட்டும் உயிரோடிருக்கும்! அதனால்தான் கணக்கெடுப்புக்குப் பல மாதம் முன்பே புதுக் கூடுகளுக்கு அடையாளமிட்டு, திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொரில்லாவும் உள்ள மத்திய ஆப்பிரிக்காவில் இன்னொரு வம்பு: அதுவும் கூடு கட்டும், சில சமயம் மரத்திலேயே. கீழே கிடக்கும் ரோமத்தையும் கழிவையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

கேள்வி: புற்றில் குச்சி விட்டுக் கறையான் பிடிக்குமாமே, அதில் என்ன பெரிய வித்தை? (வாசகர், சிவகாசி)

பதில்: செய்து பார்த்தால் தெரியும். 1960இல் தான்சானியாவின் கோம்பேயில் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குட்டால் இதைக் கவனித்தபோது, கருவி செய்வது மனிதன் மட்டுமே என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. விரலால் புற்றின் கண்ணைச் சுரண்டித் திறக்க வேண்டும். புல்தண்டையோ பட்டை நாரையோ இலை உருவி, அளவாக நறுக்க வேண்டும். நுனி மடங்கினால் கடித்துத் துப்பிவிட்டு மறுமுனையைத் திருப்பிக்கொள்ளும். உள்ளே விட்டு லேசாக ஆட்டினால் சிப்பாய்க் கறையான்கள் கவ்வும். வெடுக்கென்று உருவினால் அத்தனையும் புற்றுச் சுவரில் உரசி உதிர்ந்துவிடும். குட்டிகள் தடுமாறுவது இங்கேதான். கோம்பேயில் பெண் குட்டிகள் இரண்டு வருடத்துக்கும் மேல் முந்திக்கொண்டு கற்கின்றன. அவை தாயின் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, ஆண் குட்டிகள் பக்கத்தில் உருண்டு விளையாடிக்கொண்டிருக்கும்.

கொங்கோ குடியரசின் குவாலூகோ காட்டில் இரண்டு கருவி. மண்ணுக்கடியில் இருக்கும் புற்றுக்கு முதலில் தடித்த கம்பைக் காலால் மிதித்து இறக்கித் துளை போடும். பிறகு மெல்லிய தண்டின் நுனியை, நாம் வேப்பங்குச்சியை மெல்வது போல, பல்லால் கடித்து நார் நாராக்கி உள்ளே விடும். நாரில் கறையான் கூடுதலாகக் கவ்வும். எல்லாக் காட்டிலும் இந்த வழக்கம் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் சில காடுகளில் சிம்பன்சிகள் கல்லால் கொட்டை உடைக்கும். கோம்பேயில் அது கிடையாது. ஒரு கூட்டம் அழிந்தால் அதன் கைப்பழக்கமும் சேர்ந்து போகிறது.

கேள்வி: மீட்ட குட்டிகளைத் திரும்பக் காட்டில் விட்டுவிட்டால் என்ன? (வாசகி, மதுரை)

பதில்: வேறு சிம்பன்சிக் கூட்டம் இல்லாத காடு கிடைத்தால் விடலாம். சிம்பன்சி ஆண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கி எல்லையைச் சுற்றிக் காவல் காப்பவை. அந்நிய ஆணைக் கண்டால் கும்பலாகச் சேர்ந்து கொல்லும். கோம்பேயில் 1974 முதல் 1978 வரை ஒரு கூட்டம், தன்னிலிருந்து பிரிந்துபோன கஹாமா கூட்டத்தின் ஆண்களைத் தீர்த்தே கட்டியது. பருவமடைந்த பெண்கள் இயல்பாகவே கூட்டம் மாறுபவை. அவற்றுக்குச் சற்று எளிது. பல அநாதைகளுக்குக் கடைசிவரை காப்பகம்தான் வீடு. உகாண்டாவில் விக்டோரியா ஏரியிலுள்ள ங்காம்பா தீவு 1998 முதல் அப்படி இயங்குகிறது. சிம்பன்சிக்கு நீந்தத் தெரியாது, ஏரியே வேலி.

கேள்வி: உகாண்டாவின் கிபாலே காட்டுக்குப் போகிறோம். லேசான சளி இருந்தால் பரவாயில்லையா? (வாசகர், சென்னை)

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அதே கிபாலேயில், கன்யவாரா கூட்டத்தில், 2013இல் 56 சிம்பன்சிகளில் 5 சுவாச நோயால் செத்தன. காரணம் ரைனோவைரஸ் சி. நமக்கு மூக்கொழுகலோடு போவது அவற்றுக்கு நிமோனியா ஆகிறது. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எது இருந்தாலும் வழிகாட்டியிடம் சொல்லி அன்றைய நடையை விட்டுவிடுங்கள். நலமாக இருந்தாலும் முகக்கவசம் போட்டு 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். சிம்பன்சி நெருங்கினால் நீங்கள் பின்வாங்குங்கள். அருகில் தின்னக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது. பழத்தோல்கூடப் பைக்குள் போகட்டும். தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பி முழங்கையில் தும்முங்கள், கவசத்தைக் கழற்றாமல்.