கார் கேள்வி பதில்: மலையேறும்போது இன்ஜின் கொதித்தால்…

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில் பத்தாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது. மீதி பத்து வளைவுதானே என்று ஓட்டிவிடலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

கூடாது. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் கெட்டுப்போக அந்தப் பத்து வளைவே தாராளம். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பெரும்பாலான கார்களில் 90 முதல் 105 டிகிரிக்குள் ஓடும். அது கொதித்துவிட்டால் ஹெட்டுக்குள் ஆவி தேங்கி, அங்கே சூடு இறங்க வழியிருக்காது. அலுமினிய ஹெட் வளையும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போகும். பிறகு சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். கூலன்ட் ஆயிலில் கலந்தால் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் பால் காபி நிறம் தெரியும். அதற்கு மேலும் ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது இறுகி நின்றுவிடும்.

முள் திடீரென்று கீழே இறங்கினாலும் நம்பாதீர்கள். கூலன்ட் முழுக்க வடிந்து சென்சார் காய்ந்து நின்றாலும் அப்படித்தான் காட்டும்.

முள் பாதியைத் தாண்டும்போதே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் ப்ளோயரை முழு வேகத்திலும் வையுங்கள். ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். சிவப்பைத் தொட்டால் வளைவில் நிற்காமல் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்து, இன்ஜினை அணையுங்கள். ஆவி அடங்கிய பிறகே பானெட்டைத் திறக்கலாம். இன்ஜின் நின்றாலும் ஃபேன் தானாகச் சுற்றலாம், கை பத்திரம். (கார் கதவைத் திறந்து வைக்காதீர்கள், குரங்குகள் காத்திருக்கும்.) ரேடியேட்டர் மூடியைக் குறைந்தது முக்கால் மணி நேரம் தொடவே கூடாது. மேல் ஹோஸ் சூடு ஆறித் தளர்ந்த பிறகு, தடித்த துணி போட்டு மெல்லத் திருகுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம்.

மலையில் மட்டும் கொதிக்கிறது என்றால் முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்; திறந்த பாத்திரத்தில் அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, அதனால் கூலன்ட்டும் சீக்கிரம் கொதிக்கும். அடுத்து பார்க்க வேண்டியவை: ஃபேனை இயக்கும் ரிலே சுவிட்ச், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், ரேடியேட்டரில் அடைந்த தூசி. போர் தண்ணீர் வழக்கமாக ஊற்றியிருந்தால் உள்ளே உப்புப் படிந்திருக்கும். ஃப்ளஷ் செய்து, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி நிரப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: வழியில் கொதித்த காரை இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் சேலத்துக்கு இறக்கலாமா?

வேண்டவே வேண்டாம். இரண்டு மூன்று முறை அழுத்தியதும் பிரேக் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இருக்காது. இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.