ஆசாவின் காலும் அப்பாவின் காலும்

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம்.

அப்பாவுக்குச் சர்க்கரை. கால் பெருவிரலில் வந்த புண் இருபது நாளாக ஆறவில்லை. ஜெபக்கூட்டத்தில் ஒரு பெரியவர், யூதாவின் ராஜா ஆசா 'கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே [வைத்தியர்களையே] தேடினான்' என்ற வசனத்தைக் காட்டினார். அதிலிருந்து அப்பா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார். வைத்தியம் பார்ப்பது அவிசுவாசமா?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவை நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள். மீதியை வந்து படித்துக்கொள்ளலாம். எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. இதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

சரி, ஆசா. கால் வியாதி வந்தது அவனுடைய 39ஆம் வருஷத்தில். சறுக்கியது அதற்கு மூன்று வருஷம் முந்தி.

எத்தியோப்பியனாகிய சேரா பத்து லட்சம் பேரோடும் 300 இரதங்களோடும் வந்தபோது, உதவிசெய்வது 'உமக்கு லேசான காரியம்' என்று கூப்பிட்டவன் இந்த ஆசாதான். விக்கிரகம் வைத்த தன் தாய் மாகாளையே ராஜாத்தி ஸ்தானத்திலிருந்து இறக்கினவன். அப்பேர்ப்பட்டவன் 36ஆம் வருஷத்தில், இஸ்ரவேலின் ராஜா பாஷா ராமா என்ற ஊரைக் கட்டி வழியை அடைத்ததும், ஆலயப் பொக்கிஷத்தைத் திறந்தான். தானும் தகப்பனும் நேர்ந்துகொண்ட வெள்ளியையும் பொன்னையும் அவனே கொண்டுபோய் வைத்த இடம் அது. எடுத்து, பாஷாவுக்கு எதிராகத் திருப்பும்படி, தமஸ்குவிலிருந்த சீரியாவின் ராஜா பெனாதாத்துக்கு அனுப்பினான்.

திட்டம் பலித்தது. பெனாதாத் வடக்கே புகுந்து அடித்தான்; பாஷா ராமாவை விட்டுப் போனான். அவன் போட்டுவிட்டுப்போன கல்லையும் மரத்தையும் அள்ளிவந்து ஆசா கேபாவையும் மிஸ்பாவையும் கட்டினான். செலவும் மிச்சம்! தோற்றிருந்தால் பழையபடி முழங்காலில் நின்றிருப்பான் என்றே எனக்குப் படுகிறது. ஜெயித்ததுதான் வினை.

அந்த நேரம் பார்த்து அனானி என்ற ஞானதிருஷ்டிக்காரன் வந்து, கர்த்தரைச் சாராமல் சீரியாவின் ராஜாவைச் சார்ந்ததற்காக, 'மதியில்லாமல் செய்தீர்' என்றான். ஆசா அவனைக் காவலறையில் வைத்தான். ஜனங்களில் சிலரையும் கொடுமைப்படுத்தினான். உங்கள் பெரியவர் இந்த இடத்தை வாசிக்காமல் தாண்டிவிட்டார்.

இன்னொன்று. 'தேடுதல்' என்ற சொல் ஆசாவின் கதை முழுக்க வருகிறது. 15ஆம் வருஷத்தில் 700 மாடுகளையும் 7,000 ஆடுகளையும் பலியிட்டு, கர்த்தரைத் தேடாதவன் கொலைசெய்யப்பட வேண்டும் என்று உடன்படிக்கை செய்தார்கள். 39ஆம் வருஷத்தில் தேடாமல் கிடந்தவன் ராஜாவே. பரிகாரிகளைக் கூப்பிட்டதைவிட, வேறு யாரையும் கூப்பிடத் தோன்றாததுதான் அங்கே சோகம். அனானியைச் சிறையிலிருந்து வரவழைத்து, 'எனக்காக ஜெபம்பண்ணு' என்று கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. இரண்டு வருஷம் கழித்துச் செத்தான். கந்தவர்க்கங்கள் நிறைந்த மெத்தையில் கிடத்தி, அவனுக்கு மரியாதையாகப் பெரிய கொளுத்துதல் எல்லாம் செய்தார்கள்.

அப்புறம் ஆசாவின் மகன் யோசபாத் ராஜாவானான். அவனும் தப்பான கூட்டுச் சேர்ந்து திரும்பியபோது, எதிரே போய் நின்று கண்டித்தவன் யெகூ, அனானியின் மகன். யோசபாத் அவன்மேல் கை வைக்கவில்லை.