எப்பவும் சண்டையும் சச்சரவுமா இருக்கற அபார்ட்மென்ட்ல ஒரு நல்ல ஹவுஸ் ஓனர் நெனச்சா என்ன மாத்த முடியும்?

நான் நல்ல ஓனர்னு சொல்லிக்க வரல. அப்பா காலத்துல நாங்களே இழுத்து வச்சத சரி பண்ணப் போயி கத்துக்கிட்டது தான் இது.

குரோம்பேட்டை பக்கம் 1998ல அப்பா கட்டின பில்டிங். கிரவுண்ட் ஃப்ளோர் சேத்து நாலு தளம், மொத்தம் 14 வீடு, எல்லாமே வாடகைக்கு, லிஃப்ட் கெடையாது. அப்பாவுக்கு மூட்டு வலி வந்து மாடி ஏற முடியாம போனதும் 2022 கடைசில என் தலைல விழுந்துச்சு. அப்போ நெலம என்னன்னா படிக்கட்டுல ஒரு லைட் எரியாது, காலைல மொட்டமாடிக்குப் போனா பீர் பாட்டில், செப்டிக் டேங்க் பொங்கி பக்கத்து காம்பவுண்டுக்குள்ள போயி அவங்க போலீஸ் வரைக்கும் போயிட்டாங்க, தண்ணிக்கு தெனமும் சண்ட, மூணு வீட்டுல வாடக பாக்கி.

எல்லாரும் பண்றத தான் நானும் மொதல்ல பண்ணேன். நாலு சிசிடிவி கேமரா, "குடித்தால் காலி செய்யப்படும்"னு போர்டு, அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குரூப். குரூப்ல மூணு நாள் குட்மார்னிங் வந்துச்சு, நாலாவது நாள் ஆரம்பிச்ச சண்ட நிக்கவே இல்ல. மாடி கேமராவ எவனோ செவுத்தப் பாக்கற மாதிரி திருப்பி வச்சிட்டான்.

ரெண்டாவது மாடில டைலரிங் பண்ற ஒரு அக்கா தான் மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க, "போர்டுலாம் அப்புறம் மாட்டலாம் தம்பி, மொதல்ல எங்க வீட்டு கரண்ட் பில்ல கண்ணுல காட்டுங்க"ன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. வீட்டுக்கு வந்து அப்பாவோட நோட்ட எடுத்துப் பாத்தா தான் தெரிஞ்சுது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர் இருக்கு, ஆனா எல்லா சர்வீஸும் அப்பா பேர்ல, பில்லு கட்றது அவரு, குடித்தனக்காரங்க கிட்ட யூனிட்டுக்கு 8 ரூபா வாங்கறது வழக்கம். தமிழ்நாட்டுல 2016ல இருந்து ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் இல்லையா, அந்த இலவசம் எங்க வீட்டுக்கு வந்துட்டு இருந்திருக்கு! அந்த அக்கா ஓட்டினது 200 யூனிட். அப்போ இருந்த ரேட்டுக்கு ஈபி பில் 225 ரூபா. நாங்க வாங்கினது 1600.

அப்பாவ கேட்டா மோட்டாருக்கும் படிக்கட்டு லைட்டுக்கும் யாரு குடுப்பான்னு கோவப்பட்டாரு. காமன் மீட்டருக்கு 100 யூனிட் இலவசம் கெடையாது, 2022க்கு அப்புறம் யூனிட் 8 ரூபான்னு ஆயிடுச்சு, அது வாஸ்தவம் தான். ஆனா படிக்கட்டுல தான் லைட்டே எரியலையே. (2023ல காமன் ரேட்ட 5.50ஆ கொறச்சாங்க, ஆனா அது 10 வீடு வரைக்கும் உள்ள, லிஃப்ட் இல்லாத சின்ன பில்டிங்குக்கு மட்டும், எங்களுது 14.)

அடுத்த மாசமே ஒவ்வொரு வீட்டுக்கும் அவங்கவங்க சர்வீஸ் நம்பர குடுத்து நீங்களே கட்டிக்கோங்கன்னு சொல்லிட்டேன். காமன் பில் வந்ததும் மாடிப்படி கிட்ட அப்படியே ஒட்டிடுவேன், 14ஆல வகுத்து பக்கத்துலயே எழுதிடுவேன். வருமானம் கொறஞ்சுது, வீட்டுல ரெண்டு மாசம் பேச்சுவார்த்தையே சரியில்ல. ஆனா அதுக்கப்புறம் தான் ஜனங்க என்கிட்ட வாயத் தெறந்தாங்க.

பீர் பாட்டில் மேட்டர் அப்படித்தான் வெளிய வந்துச்சு. நான் மூணாவது மாடி பேச்சிலர் பசங்க மேல தான் சந்தேகப்பட்டு ஃபோன்லயே காலி பண்ணுங்கன்னு கத்தியிருந்தேன். கடைசில பாத்தா மோட்டார் போட நாங்க வச்சிருந்த ஆளு, அப்பா 11 வருஷமா நம்பின ஆளு, மொட்டமாடி சாவி அவர்கிட்ட, வெளியாளுங்கள தலைக்கு அம்பது ரூபா வாங்கிட்டு ராத்திரில மேல விட்டுருக்காரு. பூட்ட மாத்தினேன், சாவிய அந்த டைலர் அக்கா கிட்டயும் கிரவுண்ட் ஃப்ளோர்ல ஒரு ரிட்டயர்ட் சார் கிட்டயும் குடுத்தேன். பசங்க கிட்ட நேர்ல போயி மன்னிப்பு கேட்டேன், அவங்களே தான் அப்புறம் படிக்கட்டுக்கு சென்சார் லைட் மாட்டிக் குடுத்தாங்க.

தண்ணி சண்டைக்கு காரணமும் ஆளுங்க இல்ல, பைப் தான். டேங்க்ல இருந்து ஒரே லைன், கீழ் வீட்டுக்காரங்க தெறந்தா மேல வெறும் காத்து தான் வரும், அதுக்கு மேல் வீட்டுக்காரங்க "வேணும்னே பண்றா"ன்னு அஞ்சு வருஷமா பேசாம இருந்திருக்காங்க. ரெண்டா பிரிச்சு வால்வு போட்டதும் முடிஞ்சுது. செப்டிக் டேங்கும் அதே கத, எட்டு வீட்டுக்குக் கட்டினதுல 14 வீட்ட இணைச்சிருந்தாங்க. இன்னொரு டேங்க் கட்ட ரெண்டு லட்சத்துக்கு மேல ஆச்சு, பல்ல கடிச்சிட்டு செஞ்சேன். ஒண்ணு சொல்றேன், டேங்க சுத்தம் பண்ண லாரிக்கு பதிலா ஒரு ஆள இறக்கினா கம்மில முடியும்னு சொல்ல ஆள் வருவாங்க. ஆள இறக்கி இப்படி சுத்தம் பண்றதத் தடுக்கற 2013 சட்டப்படி அது குத்தம், சட்டத்த விடுங்க, உள்ள வெஷவாயு இருந்தா போன ஆள் உசுரோட வரமாட்டான்.

வாடக பாக்கில ரெண்டு வீடு தவணைல கட்டிட்டாங்க. மூணாவது ஆளு ஆறு மாசம் பாக்கி, கேட்டா மெரட்டுவாரு, பக்கத்து வீட்டுப் பொண்ணு கிட்ட அசிங்கமா பேசுவாரு. தண்ணியக் கட் பண்ணு, ஃப்யூஸ புடுங்குன்னு சொந்தக்காரங்க ஆளாளுக்கு ஐடியா. அதெல்லாம் வேணாம்னு வக்கீல் சொல்லிட்டாரு. 2017 வாடக சட்டம் 2019 பிப்ரவரில அமலுக்கு வந்துச்சு, அதுல ஓனர் தண்ணி கரண்ட நிறுத்தவே கூடாது, நிறுத்தினா தப்பு நம்ம மேல திரும்பிடும். ரெண்டு மாச வாடக பாக்கி இருந்தா நோட்டீஸ் விட்டு வாடக கோர்ட்டுக்கே போகலாம். நோட்டீஸ் விட்டேன், கூடவே ஒரு பேரமும் பேசினேன், நாலு மாச பாக்கிய விட்டுடறேன், பத்து நாள்ல சாவியக் குடுங்கன்னு. குடுத்துட்டாரு. ஏமாளின்னு சித்தப்பா இன்னும் கிண்டல் பண்றாரு, ஆனா அந்தப் பொண்ணு இப்ப தைரியமா படிக்கட்டுல ஏறுது.

இப்ப புதுசா வர்றவங்களுக்கு அக்ரிமென்ட் போட்டு அந்த சட்டப்படி பதிவும் பண்ணிடறேன், அட்வான்ஸ் மூணு மாசம் தான். காலி பண்ணும்போது பெயின்ட்டிங்னு ஒரு மாச வாடகைய புடிக்கிற பழக்கத்த மட்டும் முழுசா விடல, பாதி புடிக்கிறேன், ஒத்துக்கறேன்.

மாசம் மொத ஞாயித்துக்கிழம காலைல ரெண்டு மணி நேரம் அங்க போயி படிக்கட்டுல ஒக்காந்துடுவேன். மீட்டிங்லாம் இல்ல, வர்றவங்க பேசுவாங்க, காபியும் வந்துடும். போன மாசம் ஃபுல்லா பேசினது பார்க்கிங் பத்தி தான், அஞ்சு கார் நிக்கிற எடத்துல எட்டு கார் நிக்குது, மழைநீர் சேகரிப்பு குழிய வேற சிமென்ட் போட்டு மூடி அதுமேல ஒண்ணு. 2003லயே கட்டாயமாக்கின விஷயம், குழியத் தெறக்கணும்னா ஒருத்தர் கார எடுக்கணும், அது யாருன்னு இன்னும் முடிவாகல.