ரியல் எஸ்டேட் வக்கீலும் கட்டுமான வக்கீலும் ஒன்றா?

கேள்வி: சில வருடங்களாக சிவில் பக்கம் இருக்கிறேன். பாகப்பிரிவினை, வாடகை வழக்குகள்தான் அதிகம். ரியல் எஸ்டேட், கட்டுமானச் சட்டத்துக்கு மாறலாமா? தனியாகப் பட்டம் படிக்க வேண்டுமா?

பதில்: தாராளமாக மாறலாம். ஆனால் நீங்கள் சேர்த்துச் சொன்னவை இரண்டு வேறு தொழில்கள். ஒன்றில் ‘இந்த இடம் யாருடையது’ என்று பார்க்கிறோம். மற்றதில் ‘வேலை ஏன் தாமதமானது, அந்தச் செலவு யார் தலையில்’ என்று பார்க்கிறோம்.

முதலாவது உங்களுக்குப் பழகியதுதான். பாகப்பிரிவினை நடத்தியவருக்குத் தாய்ப்பத்திரத்திலிருந்து உரிமையைத் தொடர்ந்து வரச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதிவுமுறை மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய டாரன்ஸ் முறையில், பொதுவாக அரசுப் பதிவேட்டில் இருக்கும் பெயரே உரிமைக்கு ஆதாரம். சிங்கப்பூரும் மலேசியாவும் அந்த வழிதான். இந்தியாவில் பதிவாவது பத்திரம்; உரிமைக்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கங்களும் உண்டு என்பது உங்களுக்கே தெரியும்.

கட்டுமானம் அப்படியல்ல. பல நாடுகளின் பெரிய திட்டங்களில் ஃபிடிக் (FIDIC) என்ற சர்வதேச ஆலோசனைப் பொறியாளர்கள் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்தங்களைப் பார்க்கலாம். அவற்றில் ‘சிவப்புப் புத்தகம்’ எனப்படும் கட்டுமான ஒப்பந்தத்தின் 1999 பதிப்பில் 20.1-ஆம் பிரிவை முதலில் படியுங்கள். கால நீட்டிப்போ கூடுதல் பணமோ கேட்க நினைக்கும் ஒப்பந்ததாரர், காரணமான நிகழ்வு தெரிந்த 28 நாட்களுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தவறினால் கேட்கும் உரிமையே போய்விடும். 2017 பதிப்பு இதே கெடுவை வேலை கொடுக்கும் உரிமையாளருக்கும் வைத்தது. கெடு எப்படித் தவறுகிறது? இடத்தைத் தாமதமாக ஒப்படைக்கிறார்கள். ‘தினமும் முகம் பார்க்கிற இன்ஜினீயருக்கு எப்படி நோட்டீஸ் அனுப்புவது’ என்று ஒப்பந்ததாரர் முகதாட்சண்யம் பார்க்கிறார். வேலை முடிந்து கணக்குத் தீர்க்கும்போதுதான் வக்கீலைத் தேடுகிறார். அப்போது நீங்கள் கையில் எடுப்பது சட்டப் புத்தகமாக இருக்காது. சைட் டைரி, கூட்டக் குறிப்பு, திருத்திய வரைபடம் வந்த தேதி, இவைதான். நோட்டீஸ் என்று தலைப்பிடாத ஒரு கூட்டக் குறிப்பே நோட்டீஸ் ஆகுமா என்று வாதாட வேண்டி வரும்.

அடுத்தது வேலைத் திட்ட அட்டவணை. எல்லாத் தாமதமும் கட்டடத்தைத் தாமதப்படுத்தாது. அஸ்திவாரம் பத்து நாள் தள்ளிப்போனால் முடிவுத் தேதியும் பெரும்பாலும் தள்ளும்; சுற்றுச்சுவர் தள்ளிப்போனால் தள்ளாமலே இருக்கலாம். இரு தரப்புத் தாமதமும் ஒரே நேரத்தில் விழுந்தால் தலைவலி. பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2002-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய தாமத நெறிமுறை இதை விளக்குகிறது; இலவசமாகவே கிடைக்கும். எந்த விரிவுரையையும்விட அது உபயோகம் என்பேன்.

வழக்கு நடக்கும் இடமும் வேறு. பிரிட்டனின் 1996 கட்டுமானச் சட்டப்படி, பில் தகராறு என்றால் ஒரு தீர்ப்பாளர் பொதுவாக 28 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். கொடுக்கச் சொன்ன பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு சண்டை. சிங்கப்பூர் 2004-இலும் மலேசியா 2012-இலும் இதையொட்டிய சட்டங்களைக் கொண்டுவந்தன. இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரணை) அல்லது நீதிமன்றம்தான்.

நீங்கள் இந்தியாவில் இருந்தால், 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ் வீடு வாங்கியவர்களின் வழக்குகளில் ஆரம்பியுங்கள். 18-ஆம் பிரிவில் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்பது சின்ன வேலையாகத் தோன்றும். ஆனால் பில்டர் ஏன் தாமதித்தார் என்று தோண்டும்போது கட்டுமானக் கோப்புகளைப் படிக்கப் பழகுவீர்கள்.

பட்டம்? வெளிநாட்டுப் பெரிய நிறுவனத்தில் சேரப் போகிறீர்கள் என்றால் உதவும். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கட்டுமானச் சட்ட முதுகலையில் வக்கீல்களோடு இன்ஜினீயர்களும் படிக்கிறார்கள். மற்றபடி அவசரம் வேண்டாம். தெரிந்த ஒப்பந்ததாரர் யாரிடமாவது முடிந்துபோன ஒரு வேலையின் கடிதக் கோப்பைக் கேட்டு வாங்கி, ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதிவாரியாகப் படியுங்கள். எந்தக் கடிதம் போயிருக்க வேண்டும், எது போகவில்லை என்று குறித்துக்கொண்டே வாருங்கள். அது அலுப்பாக இருந்தால் ரியல் எஸ்டேட் பக்கமே நில்லுங்கள். அங்கேயும் வேலைக்குப் பஞ்சமில்லை.