சொடுக்கு இறால் கொடுக்கு: ஆணா, பெண்ணா, எந்த இனம்?

பத்து மாவுங் வாசகர்: அண்ணே, பினாங்கு மிடில் பேங்க் கடற்புல் திட்டில் ஒரே குழியில் ரெண்டு சொடுக்கு இறால். ஒன்றுக்குக் கொடுக்கு பெருசு. அதுதான் ஆணா?

இருக்கலாம். ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. சொடுக்கு இறால் பேரினமான அல்ஃபியஸில் பல இனங்களில், உடல் அளவோடு ஒப்பிட்டால் ஆணின் சொடுக்குக் கொடுக்கு, அதாவது சொடுக்கிச் சத்தம் எழுப்பும் பெரிய கொடுக்கு, சற்றுப் பெரிது. ஆனால் பெரிய பெண்ணின் கொடுக்கு சின்ன ஆணின் கொடுக்கை மிஞ்சிவிடும். மறுபக்கத்துச் சின்னக் கொடுக்கைப் பாருங்க. பல இனங்களில் ஆணுக்கு அதன் அசையும் விரல் அகன்று, ஓரமெல்லாம் முடி வரிசை கட்டி, பறவை அலகு மாதிரி இருக்கும். இதுக்கு 'பலேனிசெப்ஸ்' வடிவம் என்று பெயர். பெண்ணுக்குப் பெரும்பாலும் மெல்லிய, சாதாரண இடுக்கிதான். இதிலும் விதிவிலக்கு உண்டு: சில இனங்களில் பெண்ணுக்கும் அகன்ற விரல் வரும். சொடுக்கு இறாலின் இன்னொரு பேரினமான சினால்ஃபியஸில் ரெண்டு பாலுக்குமே அது கிடையாது.

சந்தேகம் தீர வயிற்றடியில் உள்ள இரண்டாம் ஜோடி நீச்சல் காலை 10 மடங்கு லென்ஸில் பாருங்க. கால் ரெண்டு கிளையாகப் பிரியும்; உள்கிளையின் உட்புறம் சிறு குச்சிகள் ரெண்டு, அதில் ஒன்று முள்முடியோடு இருந்தால் ஆண். ஒரே குச்சி என்றால் பெண். வயிற்றடியில் முட்டை இருந்தால் லென்ஸே வேண்டாம்.

கெலுகோர் மாணவி: சார், எதை எதை அளக்கணும்?

வெர்னியர் காலிப்பரில் ரெண்டு அளவு. ஒன்று, கொடுக்கின் உள்ளங்கை அடியிலிருந்து அசையா விரல் நுனி வரை. இன்னொன்று, கண்குழியின் பின்விளிம்பிலிருந்து தலை ஓட்டின் பின்விளிம்பு வரை. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, ஆண் பெண் தனித்தனியா ஒப்பிடுங்க. கொடுக்கைப் பிடித்துத் தூக்காதீங்க, கழற்றிப் போட்டுவிட்டுப் போயிடும். கடல் நீரோடு தெளிவான சின்னப் பையில் விட்டு, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்க.

அதே மாணவி: ஒரு இறாலுக்கு ரெண்டு கொடுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. புது இனமா?

அவசரப்படாதீங்க. சொடுக்குக் கொடுக்கு முறிந்தால், அடுத்தடுத்த தோலுரிப்புகளில் சின்னக் கொடுக்கே சொடுக்கியாக மாறும். முறிந்த பக்கத்தில் புதுச் சின்னக் கொடுக்கு முளைக்கும். இடைக்காலத்தில் இப்படித்தான் தெரியும். அந்த மாதிரியைக் கணக்கில் சேர்க்காதீங்க, சராசரி கெட்டுப்போகும். இடது வலது மாறுவதும் இனத்தின் அடையாளமல்ல.

கிள்ளான் வாசகர்: கொடுக்கைப் பார்த்தே இனம் சொல்ல முடியுமா?

குழுவைச் சொல்லலாம். அல்ஃபியஸ் பேரினத்தின் எட்வர்ட்சி குழுவில் உள்ளங்கையின் மேலும் கீழும் வெட்டுப்பள்ளம் இருக்கும். ஒபிசோமானஸ் குழுவில் அசையும் விரல் சுத்தியல் போல. பவளத்தில் வாழும் அல்ஃபியஸ் லொட்டினிக்கு வழவழப்பான, பள்ளமில்லாத கொடுக்கு. இனம் வரை போக நெற்றி முள், கண்மூடி ஓடு, கால் முட்கள் எல்லாம் வேணும். கொடுக்கில்லாத மாதிரியை வைத்துப் பெயர் சூட்டுவது வீண் வேலை.

தெலுக் பஹாங் வாசகர்: சொடுக்கியே இல்லாத பெண் உண்டா?

உண்டு, ஆனா நம்ம கடலில் தேடாதீங்க. கரீபியன் பஞ்சுயிரிக்குள் வாழும் சினால்ஃபியஸ் ஃபிலிடிஜிட்டஸ் இனத்தின் ராணிக்கு (கூட்டத்தில் முட்டையிடும் பெண்) ரெண்டு பக்கமும் சின்னக் கொடுக்குதான்.