ரெண்டு பக்கமும் 'சைடு 2'ன்னு இருந்தா அது அச்சுப்பிழையா?

லண்டன்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். பழைய சாமான் கடையில மான்ட்டி பைத்தான்ங்கற பிரிட்டிஷ் காமெடி குழுவோட 'மேட்சிங் டை அண்ட் ஹேண்ட்கர்சீஃப்' எல்.பி. (பெரிய இசைத்தட்டு) வாங்கியிருக்கார். ரெண்டு பக்க லேபிள்லயும் 'சைடு 2'ன்னே போட்டிருக்காம், எந்தப் பக்கத்துல என்ன ஸ்கெட்ச் (குட்டி காமெடி நாடகம்)னு பட்டியலும் இல்லையாம். அதைவிட, ஒரு பக்கத்தைப் போட்டா சில நாள் ஒரு ஸ்கெட்ச் வருது, சில நாள் வேற ஸ்கெட்ச் வருதுங்கறார். இது மிஸ்பிரிண்ட்டா, அபூர்வமான தட்டா, மிஸ்பிரிண்ட்னு சொல்லி விக்கலாமான்னு கேள்வி.

மிஸ்பிரிண்ட்னு மட்டும் போட்டு வித்துடாதீங்க, ப்ளீஸ். அந்த ரெக்கார்டையே அப்படித்தான் செஞ்சாங்க. 1973 டிசம்பர்ல கரிஸ்மா கம்பெனி வெளியிட்டது, நம்பர் சி.ஏ.எஸ். 1080. சாதாரண எல்.பி.ல ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு க்ரூவ்தான், அதாவது ஊசி ஓடுற பள்ளம், வெளி ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி நடுவுக்கு வரும். இதுல ஒரு பக்கத்துல ரெண்டு க்ரூவ், முறுக்குல ரெண்டு இழை ஒட்டி ஒட்டிப் போற மாதிரி பக்கத்துல பக்கத்துல ஓடுது, ஊசி எந்த வாய்ல விழுதோ அந்த ஸ்கெட்ச்தான் கேக்கும், அதனாலதான் இதை மூணு பக்க ரெக்கார்டுன்னு சொல்றோம். கேக்குறவங்களைக் குழப்பணும்னுதான் லேபிளையும் அப்படி அடிச்சாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச தட்டு இது, ஒரு ஜோக்கை பிளாஸ்டிக்லயே வெட்டி வச்சிருக்காங்க பாருங்க.

இதனாலதான் காமெடி ரெக்கார்டு வாங்குறவங்ககிட்ட நான் திரும்பத் திரும்ப சொல்றது, மத்த ரெக்கார்டுல லேபிள்ல தப்பு இருந்தா அது தப்பு, இதுல அது ஜோக்கா இருக்கலாம். இதே குழுவோட 1971 ரெக்கார்டு ஒண்ணு இருக்கு, அட்டையைப் பாத்தா பீத்தோவன் சிம்பொனி ரெக்கார்டு மாதிரி இருக்கும், அந்தப் பேரை அடிச்சுட்டு கையால வேற பேர் எழுதின மாதிரி இருக்கும். யாரோ கிறுக்கிட்டாங்கன்னு விலையைக் குறைச்சுக் கேக்குறவங்க உண்டு. அது அச்சடிச்சதுங்க, எல்லா காப்பியும் அப்படித்தான்.

சரி, உங்க தட்டு முதல் பிரஸ்ஸிங்கா, அதாவது முதல் தடவை அடிச்ச காப்பியான்னு எப்படிப் பாக்குறது. முதல்ல அந்த ரெட்டை க்ரூவ் நிஜமாவே இருக்கான்னு உறுதி பண்ணுங்க: டார்ச்சை சாய்ச்சுப் பிடிச்சு வெளி ஓரத்தைப் பாத்தா ரெண்டு இடத்துல க்ரூவ் ஆரம்பிக்கறது தெரியும், தெரியலன்னா ஊசியை அஞ்சாறு தடவை வச்சு வச்சு எடுங்க, ரெண்டு விதமான ஆரம்பம் கேட்டா இருக்குன்னு அர்த்தம். ரெண்டு பக்கமுமே ஒரே க்ரூவா ஓடினா அது முதல் அச்சு இல்ல. நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா உங்களோடதுல இருக்கு.

அடுத்தது லேபிளுக்கும் கடைசி க்ரூவுக்கும் நடுவுல இருக்குற வழவழப்பான வளையம், டெட் வேக்ஸ்னு சொல்லுவோம். அங்க மேட்ரிக்ஸ் நம்பர், அதாவது எந்த மூலத்துல இருந்து தட்டு வந்ததுன்னு காட்டுற எண் இருக்கும். இந்த ரெக்கார்டோட க்ரூவை வெட்டின இன்ஜினியர் ஜார்ஜ் பெக்கம், இவர் வெட்டின தட்டுகள்ல 'எ போர்க்கி பிரைம் கட்'னு கையால கீறி வைக்கிறது பிரபலம். ஆனா இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. போர்க்கின்னு இருந்தாலே முதல் பிரஸ்ஸிங்னு விலை சொல்லுவாங்க, அது தப்பு. அவர் கீறுறது லேக்கர்ல, அதாவது முதல்ல வெட்டுற மூலத் தட்டுல, லேக்கர்ல இருந்து உலோக அச்சு எடுத்து, அதுல இருந்து இன்னொண்ணு எடுத்து, கடைசியா ஸ்டாம்பர்ங்கற அழுத்துற அச்சு செஞ்சுதான் தட்டை அழுத்துறாங்க, அதனால அந்த லேக்கர் வழியா வர்ற எல்லா காப்பிலயும், பல வருஷம் கழிச்சு அடிச்சதுலகூட, அதே கீறல் இருக்கும். கீறல் சொல்றது யார் வெட்டினாங்கறதைத்தான், எப்ப அடிச்சாங்கன்னு இல்ல.

எப்ப அடிச்சாங்கறதுக்கு லேபிளையும் அட்டையையும் பாக்கணும். கரிஸ்மாவோட ஆரம்பகால லேபிள் பிங்க் கலர்ல இருக்கும், 1972ல இருந்து 'மேட் ஹேட்டர்' (ஆலிஸ் கதையில வர்ற தொப்பிக்காரர்) படம் போட்ட லேபிள் வந்துச்சு, உங்க தட்டு 1973ங்கறதால ஹேட்டர் படம்தான் இருக்கணும். 1983ல கரிஸ்மாவை வெர்ஜின் ரெக்கார்டு கம்பெனி வாங்கிட்டாங்க, அதனால எங்கயாவது வெர்ஜின் பேர் இருந்தா அது மறுபதிப்பு. பார்கோடு இருந்தாலும் மறுபதிப்புதான். அரிஸ்டான்னு இருந்தா அமெரிக்க காப்பி, அந்தக் கம்பெனியே 1974லதான் ஆரம்பிச்சது.

அட்டையை மறந்துடாதீங்க, இதுலதான் பாதி மதிப்பு இருக்கு. ஒரிஜினல் அட்டைல ஜன்னல் மாதிரி வெட்டியிருக்கும், அது வழியா டையும் கைக்குட்டையும் பரிசுப்பெட்டில இருக்குற மாதிரி தெரியும், உள் அட்டையை வெளிய இழுத்தா அதைப் போட்டிருக்கறது தூக்குல தொங்குற ஆள்னு தெரியவரும். அந்த உள் அட்டை தொலைஞ்சுபோன காப்பி ஏராளம். உங்ககிட்ட இருந்தா பத்திரம்.

என் கணிப்பு, உங்களோடது முதல் அச்சா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா அபூர்வம்னு சொல்ல மாட்டேன், நல்லா வித்த ரெக்கார்டு அது. உள் அட்டையோட, தட்டுல சிராய்ப்பு எதுவும் இல்லாம இருந்தா அந்தத் தரத்துக்குத்தான் விலை கேளுங்க.

நிஜமாவே தேடிப் பாக்கவேண்டியது வேற ஒண்ணு. இதே குழுவோட 1980 'கான்ட்ராக்சுவல் ஆப்ளிகேஷன் ஆல்பம்'. முதல்ல வந்த பிரிட்டிஷ் காப்பிகள்ல பாடகர் ஜான் டென்வரை வச்சு ஒரு சின்ன ஐட்டம் இருந்துச்சு, சட்டப் பிரச்சனையால அதை எடுத்துட்டு குழுவுல ஒருத்தரான டெர்ரி ஜோன்ஸ் மன்னிப்பு கேக்குற மாதிரி ஒரு துண்டைப் போட்டாங்க. கடையில அந்த ரெக்கார்டு கண்ணுல பட்டா அட்டையை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, கடைக்காரர்கிட்ட கேட்டு ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க, மன்னிப்பு வரலைன்னா, டென்வர் வந்தா, வாங்கிடுங்க.